நாலாயிரம் பட்டன்

"இன்னைக்கும் வரலைன்னா நான் எங்க போவேண்ணே? சனிக்கிழமை சரக்கு கொடுத்தாகணும்."

கம்பத்தில் ஒரு லாரி பார்சல் ஆபீஸின் கவுண்டரைப் பிடித்தபடி நின்றாள் மதீனா. பக்கத்தில் அவளிடம் தையல் வேலை பார்க்கும் ஜக்கம்மா.

உள்ளே இருந்த ஏசுதாசன் நோட்டைப் புரட்டினார். "காலை லாரியில உங்க பேருக்கு எதுவும் இல்லம்மா."

மதீனாவின் வீட்டு மாடியில் எட்டு தையல் மிஷின்கள். உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அறுநூறு யூனிஃபார்ம் சட்டைகள் தைத்து அடுக்கியாயிற்று. பட்டன் மட்டும்தான் பாக்கி. நாலாயிரம் நேவி புளூ பட்டன். கம்பம், தேனிக் கடைகளை வழித்தெடுத்தாலும் ஐநூறு தேறாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"திங்கக்கிழமை பெட்டி வந்துச்சு. பிரிச்சா அத்தனையும் வெள்ளை பட்டன். பட்டன் அனுப்புற சென்னைக் கடைக்காரருக்கு போன் போட்டா, 'புளூதாம்மா அனுப்பினேன்'னு சாதிக்கிறாரு" என்றாள் மதீனா. "பள்ளிக்கூடத்துல அடுத்த வருசம் மதுரைக் கம்பெனிக்குக் கொடுத்துருவோம்னு சொல்லிட்டாக. எட்டுப் பொம்பளைக பொழப்புண்ணே."

"அனுப்புன ரசீது நம்பர் ஏதாச்சும் சொன்னாரா?"

"காலையிலதான் சொன்னாரு." சீட்டை நீட்டினாள்.

ஏசுதாசன் சென்னை ஆபீஸுக்குப் போன் போட்டார். நம்பரை இரண்டு தடவை படித்தார். கேட்டுக்கொண்டே இருந்தவர், ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"உங்க பெட்டி திங்கக்கிழமையே டெலிவரி ஆயிருச்சாம்."

"யாருக்கு?"

"கொண்டையான்னு ஒரு டெய்லருக்கு. கம்பத்துலதான். ஆனா இந்தக் கம்பம் இல்ல, ஆந்திராவுல இருக்கிற கம்பம். உங்க பெட்டி, அவரு பெட்டி ரெண்டுலயும் ஊர் பேரு மட்டும் எழுதியிருக்கு, மாவட்டம் எழுதலை. ஏத்தும்போது மாறிப்போச்சு."

"அப்ப என் பட்டனை அந்தாளு தச்சு முடிச்சிருப்பாரே."

"அப்ப உங்களுக்கு வந்தது அவரோட..." என்று ஏசுதாசன் ஏதோ சொல்ல வந்தார்.

"அதெல்லாம் அப்புறம்ணே. முதல்ல அவருக்குப் போன் போடுங்க."

சென்னையில் நம்பர் வாங்கி, எஸ்.டி.டி. போட்டார். மறுமுனையில் தெலுங்கு. வீட்டில் தெலுங்கு பேசுகிற ஜக்கம்மா ரிசீவரை வாங்கிக்கொண்டாள்.

மதீனா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜக்கம்மா "அவுனு, அவுனு" என்று ஆமோதித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடி சொல்றாக?"

"பெட்டியைத் தெறந்ததும் புளூ பட்டனைப் பாத்து அவுகளும் பதறிட்டாகளாம். உள்ள இருந்த பில்லுல உங்க பேரும் தேனி மாவட்டம்னும் இருந்துச்சாம். போன் நம்பர் இல்லையாம். நம்மளை மாதிரிதான் அங்கனயும் ஒரு ஆளு தவிச்சுக்கிட்டு இருப்பாகன்னு, செவ்வாக்கிழமையே நம்ம ஊருக்கு லாரியில ஏத்திட்டாகளாம். நாளைக்குக் காலையில வந்துருமாம்க்கா."

மதீனா பெஞ்சில் உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்தாள். "அல்லா... எவ்வளவு நல்ல மனுசன்! லாரி வாடகையை நாம கொடுத்துருவோம்னு சொல்லு."

ஜக்கம்மா சொன்னாள். பதிலைக் கேட்டுக்கொண்டாள். பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு மெல்லத் திரும்பினாள்.

"அதெல்லாம் வேணாமாம்க்கா. அவுகளும் திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு முன்னூறு சட்டை கொடுக்கணுமாம். அவுக வெள்ளை பட்டன் நம்மகிட்டதான இருக்கு, எப்ப வந்து சேரும்னு கேக்குறாக. என்ன சொல்லட்டும்?"

மதீனா ஏசுதாசனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதே செவ்வாய்க்கிழமை, உள்ளே இருந்த பில்லைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், பெட்டியின் மேல் 'தப்பான சரக்கு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, இதே கவுண்டரில் கொடுத்துச் சென்னைக்குத் திருப்பி அனுப்பியிருந்தாள் மதீனா.