நுணுக்கம் சார் போட்ட மார்க்

"திரைச்சீலையைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா சார்?" என்று கேட்டார் டெய்லரக்கா.

"முன்பக்கம் பார்த்தாலே பின்பக்கம் என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும்மா. முப்பது வருஷமா நடுவரா இருக்கேன்!"

எதைப் பார்த்தாலும் 'நுணுக்கம் பத்தாது' என்பதால் அவருக்கு நுணுக்கம் சார் என்றே பெயர்.

பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகளில் கைவேலைக் கண்காட்சி. முதல் பரிசு யாருக்குக் கிடைக்கிறதோ, அங்கே கைவேலை டீச்சர் வேலையும் அவருக்கே. ஊரார் பேன்ட்டுக்கெல்லாம் ஜிப் மாற்றியே கழுத்து பிடித்துப்போன டெய்லரக்கா, அதற்காகவே நாலு மாதம் உட்கார்ந்து தைத்த திரைச்சீலை அது. வெள்ளைத் துணியில் நீலக் கட்டங்கள்.

"வெறும் ஓட்டுத் தையல். இதைக் குழந்தைகூடப் போடுமே!"

"இழை எண்ணிப் போட்டது சார். ஒரு இழை தப்பினா அந்த வரிசையையே பிரிக்கணும்."

"பின்னாடி நூலெல்லாம் பல்லிளிச்சுக்கிட்டு, பார்க்கவே சகிக்காது. நூத்துக்கு முப்பது!"

டீயும் பிஸ்கட்டும் ஆனபின், தாளாளரின் மனைவி அவரை வராந்தா வழியாக அடுத்த அறைக்கு அழைத்துப் போனார். அங்கேயும் ஒரு திரைச்சீலை. நீலப் பரப்பில் வெள்ளைக் கட்டங்கள். குத்தியிருந்த அட்டையில் தாளாளர் மனைவியின் பெயர்.

நுணுக்கம் சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அடடா! மேடம், நீங்களா? இதல்லவா வேலை! அந்த ரூம்ல ஒரு டெய்லரம்மா இருக்காங்க, உங்ககிட்ட வந்து கத்துக்கணும்."

"மார்க்?"

"நூத்துக்கு நூறு!"

"எழுதிக் குடுத்துடுங்களேன்."

'இந்தத் திரைச்சீலைக்கே முதல் பரிசு' என்று எழுதி, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தார்.

"அப்புறம் மாத்த மாட்டீங்களே?"

"என் தீர்ப்பு கல்வெட்டு மேடம்!"

தாளாளரின் மனைவி தாளைப் பத்திரமாக மடித்துக்கொண்டு, தன் பெயர் அட்டையைப் பிடுங்கினார்.

"எனக்கு ஊசியில நூல் கோர்க்கவே வராது சார். போன வருஷம் நான் கடையில வாங்கி வெச்ச பூக்கூடைக்கும் நூறு போட்டீங்க, அப்பவே சந்தேகப்பட்டேன். டீச்சரம்மா, இந்தப் பக்கம் வாங்க!"

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, முதல் அறையிலிருந்து, இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார் டெய்லரக்கா.

"நீங்க சகிக்காதுன்னு சொன்ன பின்பக்கம் இதுதான் சார்."