போன ஜென்மத்துச் சாட்சி

“கிடா திருடு போன நேரத்துல சிவசங்கர் எங்க இருந்தான்னு உனக்குத் தெரியுமாம்மா?” என்று ஏட்டு கோதண்டம் கேட்டதும், தென்றல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நல்லாத் தெரியும் சார். பல்லவர் காலத்துல இருந்தான்.”

கோதண்டம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தென்றல் ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். ஆயுசு முழுக்கச் சீட்டு உறை தைக்க அவளுக்கு இஷ்டமில்லை. அதனால் செல்போனிலேயே முற்பிறவி சிகிச்சை படித்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கண்ணை மூடச் சொல்லி, இதமாகப் பேசிப் பேசிப் போன ஜென்மத்துக்கு அனுப்பி, அங்கே பட்ட வெட்டுக்கும் இங்கே வலிக்கிற முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுக் குணப்படுத்துகிற வித்தை.

பாடமெல்லாம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு ஆளை முழுசாகப் போன ஜென்மத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து, நடந்ததைச் செல்போனில் பதிவு செய்து, கோயமுத்தூர் ஜீவானந்தம் மாஸ்டருக்கு அனுப்ப வேண்டும். அவர் கேட்டுவிட்டுச் சரி என்றால் சர்ட்டிஃபிகேட். சர்ட்டிஃபிகேட் வந்தால் மறைமலை நகரில் சொந்தமாக ஒரு ரூம், வாசலில் போர்டு.

அந்த ஒரு ஆள்தான் சிக்கவில்லை. தன்னோடு இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைத்தான் மாடி ரூமுக்குக் கூட்டி வருவாள். பாயில் படுக்கவைத்து, “உங்கள் கால்கள் கனமாகின்றன... இமைகள் கனமாகின்றன...” என்று ஆரம்பிப்பாள். விடிய விடிய மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்களிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? போன ஜென்மத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காமல் அத்தனை பேரும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிப்போனார்கள். வெல்டிங் செக்ஷன் பகலவன் எழுந்து சோம்பல் முறித்து, “சூப்பரும்மா, நாளைக்கும் வரட்டா?” என்று கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அதே கம்பெனியில் வேலை செய்யும் சிவசங்கர் தானாகவே வந்து, “அக்கா, எனக்கும் பண்ணுக்கா” என்றான். தெய்வம் அனுப்பிய ஆள் என்று நினைத்தாள்.

அவனைப் பாயில் படுக்கவைத்த அந்தக் காலையில் பார்த்துத்தானா கீழ்வீட்டுத் தாயாரம்மாளின் கிடா காணாமல் போக வேண்டும்? ஆடித் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடா. நீலச் சட்டைக்காரன் ஒருவன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதைத் தூரத்திலிருந்து பார்த்த தாயாரம்மாள், அது சிவசங்கர்தான் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். போலீஸ் அவனை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட்டது.

“நீலச் சட்டைன்னா ஒரகடத்துல பாதிப் பேரைப் புடிக்கணும் சார். எங்க யூனிஃபார்மே அதான்,” என்றாள் தென்றல்.

“அதுக்குத்தான்மா உன்னைக் கேக்க வந்தேன். உன் ரூம்ல படுத்துக்கினு இருந்தேன்றான். நெஜமா?”

“உடம்பு இங்கதான் சார் இருந்துச்சு. உயிர்தான்...”

“எனக்கு உடம்பு போதும்.”

“நான் எதிர்லயே உக்காந்துக்கினு இருந்தேன் சார். ஒரு இன்ச்சு அசையல. அவன் போன ஜென்மம் எனக்கே காட்சியாத் தெரிஞ்சுது. பட்டத்து யானை மேல அவன் படைத்தளபதி. பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கினு தண்ணி போவுது...”

“பாலாத்துல தண்ணியா?” கோதண்டத்தால் அதைத்தான் நம்ப முடியவில்லை.

“பல்லவர் காலம் சார்.”

“சரி, திரும்பி வந்தப்போ எப்படி இருந்தான்?”

“முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது, மூச்சு வாங்குது. ‘இன்னா ஓட்டம்க்கா, இன்னா ஓட்டம்’ன்றான். யுத்தத்துலேர்ந்து வந்தவன் வேற எப்படி சார் இருப்பான்? ஆழமாப் போனா வேர்க்கும்னு மாஸ்டர் பாடத்துலயே கீது.”

சிவசங்கரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டால் தன்னுடைய ஒரே வெற்றியும் பொய்யாகிவிடுமே! அதனால் ஏட்டோடு ஸ்டேஷனுக்கே போய், இன்ஸ்பெக்டர் முன்னால் அடித்துச் சொன்னாள். பல்லவர், யானை எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டார். ஆள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்.

“நீதாங்க்கா எனக்குத் தெய்வம்,” என்று கையெடுத்துக் கும்பிட்ட சிவசங்கர், தன் ரூமுக்குக்கூடப் போகாமல் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடிக்க ஷேர் ஆட்டோ ஏறினான். பாவம், பயந்துவிட்டான் போலிருக்கிறது.

தாயாரம்மாள் திட்டிய திட்டு மாடிவரை கேட்டது. தென்றல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நிரபராதியைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் அவளுக்குச் சோறுகூட இரண்டு வாய் அதிகமாக இறங்கியது.

பதிவை அவள் ஏற்கெனவே அனுப்பியிருந்தாள். சாயங்காலம் ஜீவானந்தம் மாஸ்டர் போன் செய்தார். “பதிவை முழுசாக் கேட்டேனுங்க. என்ன குரலுங்க உங்களுது! இத்தனை இதமா ஆரம்பிச்சவங்க என் மாணவருங்கள்ல ஒருத்தரும் இல்லீங்க.”

“அப்ப... சர்ட்டிஃபிகேட் மாஸ்டர்?”

“அதுலதானுங்க ஒரு சின்னச் சிக்கல்,” என்று மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“கொஞ்ச நேரத்துலயே கதவைத் திறந்துட்டு அந்தத் தம்பி வெளிய போறது கேக்குதுங்க, அப்புறம் அவரு மூச்சு வாங்க ஓடியாந்து, ‘எந்திரிக்கா’ன்னு எழுப்புற வரைக்கும் உங்க குறட்டைதானுங்களே கேக்குது!”