பொடி எழுத்து

“எட்டு வருஷமாப் பொத்திப் பொத்தி வளர்த்தவ நான். இப்ப வந்து கேட்டா, தூக்கிக் குடுத்துடணுமா?” என்றாள் மனைவி.

“அதுக்காக வாரத்துல நாலு நாள் ஊர் ஊரா அலைஞ்சவன் நான். உரிமை எனக்குத்தான்” என்றான் கணவன்.

குழந்தைக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்தால், அது உங்கள் நல்ல மனசு. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. இருந்ததெல்லாம் கிரெடிட் கார்டில் சேர்ந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பயணப் பாயின்ட்.

அவன் மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளர். பறந்து பறந்து சேர்த்தான். அவள் சோப்பு முதல் சோபா வரை அதே கணக்கில் வாங்கிச் சேர்த்தாள்.

வக்கீலம்மாவின் அறையில் இது நாலாவது பேச்சுவார்த்தை. வீடு, கார், கட்டில், பீரோ எல்லாம் முதல் நாளே அரை மணி நேரத்தில் சமத்தாகப் பிரிந்துவிட்டன. பாயின்ட் மட்டும் பிரிய மறுத்தது. போன தடவை கணவன் மேசையைக் குத்தியதில் கீழே விழுந்து உடைந்த வக்கீலம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் கடையில் கிடக்கிறது. அந்தச் செலவு யார் தலையில் என்று தனியாக ஒரு சண்டை நடந்தது.

இவர்கள் அடித்துக்கொண்டிருக்க, கார்டு கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? மாதம் தவறாமல் ஒரு கடிதம் போட்டான். ‘உங்கள் பயணம் மேலும் இனிமையாக’ என்று தொடங்கும். படித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும்.

முதல் பேச்சுவார்த்தையின்போது அந்தப் பாயின்ட்டுக்கு, தீவில் ஏழு நாள், கடலைப் பார்த்த மாதிரி இரண்டு அறை கிடைப்பதாக இருந்தது. இரண்டாவதில் கடல் போயிற்று. மூன்றாவதில் நாலு நாள் போயிற்று. இன்று காலை வந்த கடிதப்படி இரண்டு டிக்கெட், இரண்டு நாள், ஒரே ஒரு அறை. காலைச் சாப்பாடு சொந்தச் செலவு.

குமாஸ்தா விவாகரத்து ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துக் காட்டினார். பாயின்ட் பற்றிய இடத்தில் மட்டும் ஒரு கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தது.

“அப்படி என்னதான் பண்ணப் போறீங்க இத வச்சு?” என்றார் வக்கீலம்மா.

மனைவி முந்திக்கொண்டாள். “கல்யாணமான வருஷமே தீவுக்குப் போலாம்னார். ‘இன்னும் கொஞ்சம் சேரட்டும், நல்ல ரூமாப் போட்டுடலாம்’னார். சேரட்டும் சேரட்டும்னே எட்டு வருஷம் ஓட்டியாச்சு. பக்கத்துத் தெருவுக்குக்கூட ஒண்ணாப் போகலை. எனக்கு அது மேல ஆசை இல்ல மேடம், ஆத்திரம்.”

“நல்லபடியாக் கூட்டிட்டுப் போகணும்னுதான் பொறுத்திருந்தேன்” என்று கணவன் ஜன்னலிடம் முனகினான். அது அவளுக்கும் கேட்டது.

வக்கீலம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி, அந்தக் கார்டோட விதிமுறைய யாராவது படிச்சீங்களா?”

யார் படித்தார்கள்? சம்மதம் என்ற கட்டத்தைக் கண்டதும் அமுக்குவதுதானே நம் வழக்கம். கல்யாணத்திலும் அவர்கள் அப்படித்தான் அமுக்கியிருந்தார்கள்.

கணவன் போனை நீட்டினான். திரை முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. வக்கீலம்மா கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“இதோ இருக்கே. ‘பிரிவு பதினேழு. கணவனும் மனைவியும் கூட்டாகச் சேர்த்த பாயின்ட்கள், விவாகரத்து ஒப்பந்தத்தில் கையெழுத்தான நிமிடமே காலாவதியாகும். அதற்கு முன் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்து செலவழிக்கலாம்’” என்று கடகடவென்று வாசித்தார்.

கணவன் பேனாவைக் கீழே வைத்தான்.

“அப்ப இன்னிக்கு சைன் பண்ணினா?”

“மொத்தமும் கம்பெனிக்காரனுக்கு.”

எட்டு வருடம் வளர்த்ததை, கடலைத் தின்றவனுக்கு, காலைச் சாப்பாட்டைத் தின்றவனுக்குத் தாரை வார்ப்பதா?

“அவனுக்கு ஒத்தப் பாயின்ட் விடக் கூடாது” என்றாள் மனைவி.

“விடவே கூடாது” என்றான் கணவன். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

“ரெண்டு ரூம் கிடைக்காதா மேடம்?” என்று அவள் இழுத்தாள்.

“போன தடவை கிடைச்சிருக்கும். மதிப்பு குறைஞ்சதுல இப்படி ஒரு வசதி.”

கணவன் போனைத் திரும்ப வாங்கி ஒரு பார்வை பார்த்தான். அதே எறும்புக் கூட்டம். வக்கீலே படித்துச் சொன்ன பிறகு நாம் வேறு படிக்க வேண்டுமா என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஜன்னல் சீட் எனக்கு” என்றாள் அவள், வாசலில்.

“அதுவும் ஆளுக்குப் பாதிதான். போகும்போது நீ, வரும்போது நான்.”

கதவு மூடியது. கையெழுத்து ஆகாத ஒப்பந்தத்தைக் கட்டி அலமாரியில் வைத்த குமாஸ்தா, கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“அம்மா, கண்ணாடி இல்லாம நீங்க உங்க பேர்ப் பலகையையே தடவித்தான் கண்டுபிடிக்கிறீங்க. அவ்வளவு பொடி எழுத்த எப்படிப் படிச்சீங்க?”

“யாரு படிச்சா?” என்றார் வக்கீலம்மா.