சாய்கோடு

"ஏப்பி, மெர்சிங் இன்னும் சிவப்புலதான் நிக்குது" என்றான் ஹேமநாதன்.

ஏப்பி தலையை நிமிர்த்தவில்லை. தம்போயில் கார் பட்டறைகளுக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ஏப்பிதான். எப்போதும் சிரித்த முகம், அதனால் ‘ஹேப்பி’ தேய்ந்து அப்படி ஆகிவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்துவதில்லை.

சுவரில் பெரிய திரை. மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுக்க உள்ள மீன், இறைச்சிக் குளிர் அறைகள் அதில் பச்சைக் கட்டங்களாகத் தெரிந்தன. அறைக்கு ஒரு சின்னப் பெட்டி. உள்ளே எவ்வளவு குளிர் என்று அளந்து, இங்கே இருக்கும் சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சர்வர் ஏப்பியின் பொறுப்பு. மெர்சிங்கில் புதிதாக வைத்த பெட்டி மட்டும் காலையிலிருந்து முரண்டு பிடித்தது.

தொலைபேசி ஸ்பீக்கரில் மெர்சிங் காளியம்மா. பின்னால் லோரி உறுமும் சத்தம்.

காளியம்மா பாதி வாழ்க்கையை அடுத்தவர் கிடங்கில் மீனுக்கு ஐஸ் அள்ளிக் கொட்டியே கழித்தவர். இப்போது படகுத்துறைக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு குளிர் அறை. அதிலிருந்து சிங்கப்பூருக்கு முதல் லோரி, அத்தனையும் தெங்கிரி மீன். வாங்குகிறவர் கறார்ப் பேர்வழி. குளிர் எவ்வளவு என்று தன் திரையில் தெரியாவிட்டால் லோரியைக் கிளப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏப்பி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டாள். மெர்சிங்கில் இணையம் இருக்கிறது. பெட்டியின் கடிகாரம் சரி. பாஸ்வேர்ட் சரி. பெட்டி சர்வரின் வாசல் வரைக்கும் ஒழுங்காக வந்து கதவைத் தட்டுகிறது. சர்வர்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறது. ஏன் என்று கேட்டால் திரும்பத் திரும்ப ஒரே பதில்: பெயர் செல்லாது.

"அக்கா, பெட்டியில பேர் கேட்டிருக்குமே, அங்க என்ன போட்டீங்க?"

"எம் பேருதான்லா. ஐசி கார்டுல இருக்கற மாதிரியே போட்டேன்."

ஏப்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியின் திரை ‘நாமா’, அதாவது பெயர், என்று மலாயில் கேட்டது பெட்டிக்கு வைக்கும் பெயரை. மற்றவர்கள் மூவார் ஒன்று, குளுவாங் இரண்டு என்று போட்டிருந்தார்கள். பேர் கேட்டால் பேரைச் சொல்லத்தானே வேண்டும் என்று காளியம்மா அடையாள அட்டையைப் பார்த்து முழுசாக அடித்திருந்தார். காளியம்மா ஏ/பி சின்னத்தம்பி.

சின்னத்தம்பியின் மகள் காளியம்மா. இந்த நாட்டில் நம்மவர்களுக்குப் பிறந்த அன்றே இது ஒட்டிக்கொள்கிறது. மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. நடுவில் உள்ள அந்தச் சாய்கோடு சர்வருக்கு ஆகாது. பெயர் என்றால் எழுத்தும் எண்ணும் போதும் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்த விதி.

"அப்பா பேர வெட்டிடச் சொல்லு. முடிஞ்சிச்சி வேலை" என்றான் ஹேமநாதன்.

அது காளியம்மாவின் காதிலும் விழுந்தது.

"வெட்டிக்கலாம்லா, லோரி நிக்குது. எல்லா எடத்துலயும் அப்படித்தான் செய்றாங்க. மொத தடவையா சொந்தமா ஒண்ணு வச்சிருக்கேன், அப்பா பேரும் இருக்கட்டும்னு பாத்தேன்."

குரலில் வருத்தம்கூட இல்லை. பழகிப்போன குரல். அதுதான் ஏப்பியைச் சுட்டது.

"வெட்டாதீங்கக்கா. கொஞ்சம் பொறுங்க."

விதி ஒரே ஒரு வரிதான். அதில் சாய்கோட்டைச் சேர்த்து, சோதனைக்கென்று வைத்திருக்கும் சர்வரில் ஓட்டிப் பார்த்தாள். எதுவும் இடறவில்லை. இனி நிஜச் சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டும். மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு விசையைத் தட்டினாள்.

சுவரில் இருந்த அத்தனை பச்சையும் ஒன்றாகச் சிவந்தது.

"அலமாக்" என்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான் ஹேமநாதன்.

மூவார் பச்சையானது. குளுவாங் பச்சையானது. பத்து பகாட், சிகாமட், கோத்தா திங்கி என்று மற்றவையும் திரும்பி வந்தன. மெர்சிங் மட்டும் வரவில்லை. காளியம்மா மூச்சு விடுவது ஸ்பீக்கரில் கேட்டது.

பிறகு கடைசிக் கட்டமும் பச்சையானது.

பெயர் நீளம். கட்டத்துக்குள் அடங்காமல் இரண்டு வரியாக மடிந்து நின்றது. எண்ணும் சுருக்கமுமாக இருந்த மற்ற பெயர்களுக்கு நடுவில், கல்யாண வீட்டுக்குப் பட்டுச்சேலை கட்டி வந்த மாதிரி இருந்தது. ஏப்பிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தெங்கிரியைத் தானே கடலுக்குப் போய்ப் பிடித்துவந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மெர்சிங்கில் லோரி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

"நல்லா இருப்பம்மா. ஒம் பேரென்ன?"

இந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அதை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"ஷாமளா" என்றாள். ஹேமநாதன் திரும்பிப் பார்த்தான். "ஷாமளா ஏ/பி வேலு."

அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஊழியர் பட்டியலில் இதே சர்வர்தான் அவள் பெயரைத் திருப்பி அனுப்பாமல் சாய்கோட்டை மட்டும் விழுங்கியது. மிச்சம் நின்ற ஏயையும் பியையும் சேர்த்துப் படித்துவிட்டு, கம்பெனியின் சிங்கப்பூர் தலைமையகம் முதல் கடிதத்திலேயே அவளை ‘ஏப்பி’ என்று கூப்பிட்டது. அதுவே நிலைத்துவிட்டது. மகள் என்பது மட்டும் பெயராக மிஞ்சி, யாருடைய மகள் என்பது காணாமல் போனது.

ஊழியர் பட்டியலைத் திறந்தாள். தன் பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு போட்டாள். சர்வர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டது.

ஹேமநாதன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஷாமளா" என்றான். "அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடு."