திண்டிவனத்துக்கு மட்டும் பிடித்த ஆல்பம்

அந்த ஆல்பம் ஆமை வேகம் என்று எல்லாப் பத்திரிகைகளும் ஒரே குரலில் கிழித்திருந்தன. திண்டிவனத்தில் மட்டும், இருதயநாதனின் ரெக்கார்டிங் சென்டரில், அதைப் பதிவு செய்துகொள்ளக் கூட்டம்.

"எழுதறவங்களுக்குக் காதே இல்ல சார்," என்றார் இருதயநாதன், சென்னையிலிருந்து வந்திருந்தவரிடம். "அவங்க தலைல தூக்கி வெச்சிக்கினு ஆடற ஆல்பமெல்லாம் கிறீச்சுனு கீது. இதுக்குத்தான் கல்யாண வீட்ல ஆடறாங்க."

"மத்த ஊர்ல தூங்கறாங்களே? இங்க மட்டும் எப்படின்னு பாக்கத்தான் வந்தேன்."

இருதயநாதன் பதிந்து வைத்திருந்த கேசட் ஒன்றை வந்தவர் தன் வாக்மேனில் போட்டுக் கேட்டார். இரண்டாவது பாட்டிலேயே ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒரிஜினல் ஓடற டெக்குல மோட்டார் எதுனா மாத்தினீங்களா?"

"போன மாசம். ஏன் சார்?"

"அது வேகமா சுத்துது. பாட்டும் அதே வேகத்துல பதிஞ்சிருக்கு."

இருதயநாதனின் முகம் சுருங்கிப்போயிற்று.

"பேஜாராப் போச்சே. மெக்கானிக்க இட்டுக்கினு வந்து ஜல்தியா சரி பண்ணிடறேன் சார்."

"வேணாம். அதுலயே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க."

"பத்திரிகைல எழுதவா?"

"இல்லைங்க. மெட்டுப் போட்டவனே நான்தான். எந்த வேகத்துல போட்டிருக்கணும்னு இப்பத்தான் தெரியுது."