பட்டன் போனில் ஒரு பாட்டு

தண்ணீருக்குள் முங்கிக் கிடந்துகொண்டு யாரோ கீர்த்தனை பாடுவது மாதிரி ஒரு சத்தம். நன்றாக இருட்டிவிட்டது. மழையும் இப்போதுதான் விட்டிருந்தது. யோசுவா முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

“எலே ஜித்தினே, என்னலே அது? தவளையா?”

“தவளை இல்ல மாமா. நம்ம கொயராக்கும்.” ஜித்தின் பல்லைக் கடித்தான். “போன ஞாயிறு பாடின பாட்டு. அவ செய்து வச்சிருக்கிற கோலத்தக் கேளுங்க.”

ஜித்தின் கொயருக்கு, அதாவது சபைப் பாடகர் குழுவுக்கு, செயலாளர். யோசுவா சபைக்குப் பொருளாளர். ரெண்டு பேரும் தேடி வந்தது சிஜியை. ஆராதனையை வீடியோ எடுத்து, போனில் பார்க்கிற அளவுக்குச் சுருக்கி, எல்லாருக்கும் அனுப்புகிறவள் அவள்தான்.

கதவைத் தட்டியதும் சத்தம் சட்டென்று நின்றது.

சிஜி பாதிக் கதவுதான் திறந்தாள். ‘ஏறி இருங்க மாமா’ என்று சொல்லாமல் அவள் நின்றது இதுதான் முதல் தடவை. யோசுவாவுக்குச் சுருக்கென்றது.

“உன் மாப்பிள்ள வினீத் வந்தாச்சா மக்கா?”

“இல்ல மாமா. ட்ரெயின் லேட்டாம்.” வாசல் நடுவிலிருந்து அவள் நகரவில்லை. “என்ன விஷயம்?”

“நேரா சொல்லுதேன்,” என்றான் ஜித்தின். “வீடியோவ ரெண்டாட்டு சுருக்கிப் போடுதியே. ஒண்ணு டச் போனுக்கு, ஒண்ணு பட்டன் போனுக்கு. ரெண்டாவது இனி வேண்டாம்.”

“ஏனாம்?”

“ஏனா? அத எவனோ பாலராமபுரம் கொயர்க்காரனுவளுக்குத் தட்டி விட்டுட்டான். ‘இது கொயரோ, குளமோ’ன்னு கேக்கானுவ. தொண்டை கிழியப் பாடினது நாங்க. மானம் போறதும் எங்களுக்கு.”

யோசுவாவுக்கும் நியாயமாகத்தான் பட்டது. “பட்டன் போனுக்கும் நல்ல சத்தமாட்டு வச்சா என்ன மக்கா?”

“ஏலாது மாமா. டச் போனுக்கு ஏ.ஏ.சி.ன்னு ஒரு சவுண்டு வகை வைக்கேன். பாட்டு பாட்டா இருக்கும். அதையே அந்தப் பட்டன் போனில போட்டா படம் மட்டும் ஓடும், சத்தம் வராது. அதுக்குப் பிடிக்கிறது ஏ.எம்.ஆர். ஒண்ணுதான். அது பேச்சுக்குன்னு உண்டாக்கினது. பாட்டப் போட்டா நசுங்கத்தான் செய்யும்.”

“அப்போ போடாத.”

“போடுவேன். ஊமையாட்டு கிடக்கதுக்கு தவளையாட்டு கத்தட்டு.”

“திமிரப் பாத்தியளா மாமா?” ஜித்தின் ஒரு படி மேலே ஏறினான். “நம்ம சபையில இப்போ ஆரு கையில பட்டன் போன் இருக்கு? வேதமாணிக்கம் தாத்தாவே டச் போனத் தேய்ச்சுட்டு நடக்காரு.”

“உண்டு. ஒரு ஆள் உண்டு.”

“ஆரு? பேரச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒரு ஆளுக்காட்டு மொத்தக் கொயரும் நாறணுமா?”

“பாடினது கேக்கதுக்குத்தானே? அந்த ஒரு ஆளும் கேக்கட்டு.”

ஜித்தின் யோசுவா பக்கம் திரும்பினான். “என் வீட்டுக்காரி தன்யா கல்யாணத்துக்கு முன்ன கொயரில பாடினவளாக்கும் மாமா. சங்கீதம் தெரிஞ்சவ. இதக் கேட்டதும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. ‘பாட்ட இப்படியா கொல்லுவாங்க’ன்னு கேட்டா.”

சிஜி சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை.

“ஓ! தன்யா அப்படிச் சொன்னாளாக்கும்.”

“சொன்னா. இனி அந்த ரெண்டாவது வீடியோ வந்தா, காமராவும் கம்ப்யூட்டரும் வேற ஆளு பாத்துக்கிடுவான். மாமா, நீங்களும் சொல்லுங்க.”

யோசுவா தொண்டையைச் செருமினார். அந்த வேலைமேல் சிஜிக்கு எவ்வளவு உயிர் என்று அவருக்குத் தெரியும். “பிடிவாதம் வேண்டாம் மக்கா. பேரச் சொல்லு. சபையே ஒரு டச் போன் வாங்கிக் குடுக்கும்.”

“வாங்க வக்கில்லாத வீடு இல்ல மாமா அது. வேற ஆள வைக்கணும்னா வச்சுக்கிடுங்க. பேரு மட்டும் எங்கிட்ட இருந்து வராது.”

“அப்போ சபைக் கம்ப்யூட்டர் ரூம் சாவியத் தா.” ஜித்தின் கையை நீட்டினான்.

சிஜி ஆணியில் கிடந்த சாவியை எடுத்தாள். ஒரு நொடி அதைப் பார்த்தாள். அவன் கையில் வைத்தாள்.

“கொண்டு போங்க. நான் என் வீட்டுல இருந்து சுருக்குவேன்.”

அவள் முதுகுக்குப் பின்னால், உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான் எப்போ காதப் பொத்தினேன்?”

தோளில் உறங்குகிற குழந்தையோடு தன்யா வெளியே வந்தாள். மற்றக் கையில் ஒரு பட்டன் போன்.

“நீ எப்போ இங்க வந்த?” ஜித்தினுக்குக் குரல் இறங்கிவிட்டது. “அது வந்து மாமா... இவ போன் ரிப்பேரு. அதாக்கும்...”

“ரிப்பேரு ஒண்ணும் இல்ல மாமா. கொச்சுக்குப் பால் குடுக்கும்போ போனப் பாத்தேன்னு பிடுங்கி, அலமாரியில வச்சுப் பூட்டினாரு. பதிலுக்குத் தந்ததாக்கும் இது. ஆருட்டயும் சொல்லாதன்னு சிஜிகிட்ட சத்தியம் வாங்கினதும் நான்தான். இவரு மானம் போவக்கூடாதுன்னு.”

யோசுவா ஜித்தினைப் பார்த்தார். அவன் கையிலிருந்த சாவியை எடுத்து, சிஜியிடம் நீட்டினார்.

“சரி சரி,” என்றான் ஜித்தின், யார் முகத்தையும் பாராமல். “கொச்சுக்குப் பனி பிடிக்கும். வா வீட்டுக்கு.”

“வாறேன். அலமாரியத் திறந்து என் போன எடுத்துட்டு வந்து விளியுங்க. அப்போ வாறேன்.”

தன்யா சிஜியை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.