கல்குவாரித் திருப்பம்

"இன்னொரு செவப்புக் கிளிப்பு எங்க?" என்று கேட்டபடி துணிக்கொடியில் தேடினார் மாதேஸ். அது கிடைக்கவில்லை. கையில் அகப்பட்ட பச்சைக் கிளிப்பை எடுத்துவந்து மகளின் காலடியில் குந்தினார்.

தொளதொளத்த கறுப்பு பேன்ட்டின் விளிம்பு சைக்கிள் செயினில் சிக்காதபடி மடித்து, இரண்டு காலுக்கும் கிளிப் போட்டுவிடுவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை.

"கொடியில காயற துணி மாதிரியே இருக்கேம்ப்பா. உள்ள ஆளு இருக்கறதுதான் வித்தியாசம்" என்றாள் பிரியங்கா.

"சிரி, சிரி. செயின்ல மாட்டுனா தெரியும்."

"அதுக்குத்தான் சைக்கிள் ஓட்டறவங்க எல்லாம் முட்டிக்கு மேல, டைட்டா..."

"அந்தப் பேச்சே வேணாம். போன மாசம் நீ டவுசரோட போனத இன்னும் கடைக்கு வர்றவன் எல்லாம் கேக்கறான். எம் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சிக்கிறது?"

பிரியங்கா சைக்கிள் பக்கம் குனிந்தாள். தடித்த டயர்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு, கடத்தூர்ச் சாலையை விட்டு மண்தடத்தில் இறங்கினாள்.

வத்தல்மலை அடிவாரம் வரை சரளைக்கல் பாதை. அப்புறம் பெரும்பள்ளத்தின் ஓரமாகவே ஏற்றம். உச்சியில் சாமை விளையும் மேட்டுநிலம். ஒவ்வொரு வாரமும் அலைந்து அந்த வழியை அவளே கண்டுபிடித்து, செல்போனில் பதிந்து, மற்ற சைக்கிள்காரர்களுக்கும் அனுப்பியிருந்தாள்.

திரும்பி வரும்போது சட்டையெல்லாம் செம்மண் அப்பியிருக்கும். பேன்ட்டில் மட்டும் ஒரு பொட்டுப் புழுதி இருக்காது. பதனமாக ஓட்டுகிறாள் என்று மாதேஸ் மனசுக்குள் மெச்சிக்கொள்வார்.

அந்த ஞாயிறு அவள் திரும்பவில்லை. ஆடு மேய்க்கப் போனவர்கள் பள்ளத்துக்குள் சைக்கிள் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள்.

எப்படி விழுந்தாள் என்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. மாதேஸுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை. அந்தப் பச்சைக் கிளிப் லூஸ். அதுதான் கழன்றிருக்கும், துணி செயினில் மாட்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் மகளை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தார்கள். அவள் உடுத்தியிருந்ததைத் தனியாக ஒரு பையில் கட்டித் தந்தார்கள். அந்தப் பையைப் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. குழியில் அவளோடு சேர்த்துப் போட்டு மூடிவிட்டார். மனைவி ராமக்காவிடம்கூட அந்தக் கிளிப்பைப் பற்றி வாய்திறக்கவில்லை. அன்றிலிருந்து துணிக்கொடிப் பக்கம் அவர் போவதில்லை.

வருஷம் திரும்பியது. தருமபுரியிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து கடை வாசலில் இறங்கினார்கள். பிரியங்காவோடு ஓட்டியவர்கள், காவியா, இளம்பரிதி என்று பெயர் சொன்னார்கள்.

இரண்டு பேருமே முட்டிக்கு மேல் இறுக்கமான டவுசர். முன்பென்றால் மாதேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். இப்போது அந்தக் கால்களையே பார்த்தார். செயினில் மாட்ட அங்கே ஒரு நூல்கூட இல்லை. மகளுக்குத் தான் மடித்துவிட்ட பேன்ட்டை நினைத்து அவருக்கு உடம்பே குறுகிப்போனது.

"பிரியங்காக்கா போட்ட வழியிலதான் இப்ப பெங்களூர்ல இருந்தெல்லாம் வந்து ஓட்டறாங்க அங்கிள்" என்றாள் காவியா. "அந்த வழிக்கு அக்கா பேரையே வெச்சிரலாம்னு இருக்கோம். நீங்க சரின்னு ஒரு வார்த்த சொல்லணும்."

மோர் கொண்டுவந்த ராமக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தாராளமா வைங்க சாமி. இதையெல்லாம் கேக்கணுமா?"

"வேணாம்" என்றார் மாதேஸ்.

"ஏனுங்க?"

"வேணாம்னா வுடு. எங்கிட்ட கேக்கற பேச்சு இல்ல அது." பிறகு அந்த இரண்டு பேரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்தத் தடத்துல யாரும் போவாதீங்க கண்ணு. வழி தெரியாம பள்ளத்துல வுழுந்துருவீங்க."

"வழி தப்பவே தப்பாதுங்க அங்கிள். கல்குவாரித் திருப்பத்துல ரெண்டு தடம் பிரியும். அங்க போனு வேல செய்யாது. அக்காதான் ஒரு அடையாளம் வெச்சிட்டுப் போயிருக்காங்க."

"என்ன அடையாளம்?"

"வேலமரத்துல கறுப்பா ஒண்ணு தொங்கவுட்டிருக்காங்க" என்றான் இளம்பரிதி. "மொதல் தடவ நான் சோளக்கொல்ல பொம்மைன்னு பயந்துட்டேன். இவ இன்னிக்கு வரைக்கும் கிண்டல் பண்றா."

"பேன்ட்டுங்க அங்கிள்" என்றாள் காவியா. "அவங்க போன அன்னிக்கு, ரெண்டு மணி நேரம் கழிச்சு அந்த வழியில ஓட்டிக்கிட்டு வந்தவங்கதான் மொதல்ல பாத்தாங்க. மலை ஏறறதுக்கு முன்னாடியே, குவாரிகிட்ட. அக்கா மாட்டுனதாச்சேன்னு யாரும் அதத் தொடறதில்ல."

ராமக்கா மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். மாதேஸ் கடைப் பலகையை விட்டு எழுந்தார்.

"காத்துல பறக்காம எப்பிடி நிக்குது?" என்று கேட்டார்.

காவியா இரண்டு விரலைக் கிள்ளுவதுபோல் சேர்த்துக் காட்டினாள்.

"கிளிப்பு போட்டிருக்குங்க. ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்ச. இன்னும் அப்பிடியேதான் இருக்குது."